அனுப்பும் முன் ஒரு கணம்



எங்கள் விரலால் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றி இங்கே எழுதுகிறோம். நேர்ந்தபோது வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கைப்பேசியில் இரண்டு மூன்று மொழிகளை மாற்றி மாற்றி எழுதும் எல்லா வீடுகளிலும் இது நிகழக்கூடும் என்று பின்னர் உணர்ந்தோம். ஒரு குடும்பமாவது இத்தகைய துயரத்திலிருந்து காக்கப்பட்டால் போதும் என்ற எண்ணத்துடன் எழுதுகிறோம்.

குன்றக்குடி என்றதும் பலருக்கும் மயில் வடிவ மலையும், அதன் மேலுள்ள சண்முகநாதர் கோயிலும், அடிகளாரின் திருமடமும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. வீட்டில் கணவனும் மனைவியுமாகிய நாங்கள், எழுபதைக் கடந்த அம்மா, பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள். உறவினர்கள் இளையான்குடியிலும் மதுரையிலும் சவூதியிலுமாகப் பரந்திருக்கிறார்கள். முன்பு பெருநாளுக்கு ஒரே முற்றத்தில் கூடியவர்கள் இன்று கூடுவது வாட்ஸ்அப்பில் உள்ள குடும்பக் குழுவில்தான். எங்கள் வீட்டின் சார்பில் அக்குழுவில் இருப்பது ஒரே கைப்பேசி. அதில் நாங்கள் இருவருமே எழுதுவோம்.

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் அம்மாவின் தம்பியான எங்கள் மாமுவுக்கு மதுரையில் இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மாமி மருத்துவமனையில் காத்திருந்தார்கள். மாமுவின் மகன் தம்மாமில் வேலையில் இருந்தான். காலையிலிருந்து குழுவில் துஆக்கள் வந்த வண்ணம் இருந்தன. நாங்களும் அரபி விசைப்பலகையைத் திறந்து, நோயாளிக்காகக் கேட்கும் துஆவை எழுதினோம். பிறகு இடைவெளிப் பட்டையை அழுத்திப் பிடித்துத் தமிழுக்கு மாறினோம். ‘இன்ஷா அல்லாஹ், நலமாக வருவார்கள்’ என்று எழுதுவதே நோக்கம். ‘இன்’ என்று தொடங்கியவுடன் விசைகளுக்கு மேலே உள்ள வரிசையில் ஒரு பரிந்துரை தோன்றியது. அதைத் தொட்டு, அனுப்பும் அம்புக்குறியையும் தொட்டுவிட்டு, அஸர் தொழுகைக்கு நேரமானதால் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டோம்.

தொழுது முடித்து வந்தபோது தவறிய அழைப்புகள் பதினேழு.

நாங்கள் அனுப்பியிருந்தது ‘இன்ஷா அல்லாஹ்’ அன்று. ‘இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்’ என்ற முழுத் தொடர்.

மருத்துவமனையில் மாமி கைப்பேசியைப் பார்க்கவே இல்லை. ஆனால் தம்மாமில் மகன் பார்த்துவிட்டான். தாயை அழைத்தான், அவர்கள் எடுக்கவில்லை. எங்களை அழைத்தான், நாங்கள் தொழுகையில் இருந்தோம். பதறிப்போன நாங்கள் அந்தச் செய்தியை எல்லோருக்குமாக நீக்கினோம். அது இன்னும் கேடாக முடிந்தது. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற குறிப்பைக் கண்டவர்கள், மகனிடமிருந்து மறைக்கவே நீக்கியிருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டார்கள். இளையான்குடியில் ஒரு வீட்டில் அழுகை எழுந்தது. மகன் விமானச் சீட்டுக்கு அலையத் தொடங்கியிருந்தான். மதுரையில் இருந்த மற்றோர் உறவினர் நேரில் சென்று, சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று மாமியின் குரலிலேயே பதிவு செய்து அனுப்பிய பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த விரல் எங்களில் யாருடையது என்று இங்கே சொல்லப் போவதில்லை. குற்றத்தை இருவரும் பகிர்ந்துகொண்டோம்.

அன்றிரவு, கைப்பேசி ஏன் அந்தத் தொடரை முன்னால் காட்டியது என்று ஆராய்ந்தோம். விசைப்பலகையின் அமைப்பில் ‘தனிப்பட்ட அகராதி’ என்று ஒரு பகுதி உண்டு. அடிக்கடி எழுதும் நீண்ட தொடருக்கு ஒரு குறுஞ்சொல்லை அங்கே பதிந்து வைத்தால், குறுஞ்சொல்லை எழுதியதும் முழுத் தொடரும் பரிந்துரையாக வரும். அங்கே ‘இன்’ என்பதற்கு நேராக அந்தத் தொடர் இருந்தது. பதிந்தவர்கள் நாங்களேதான். 2021இல், கொரோனாவின் இரண்டாம் அலையில், நாள்தோறும் ஒரு மரணச் செய்தி வந்துகொண்டிருந்தது. சில நாள்களில் இரண்டு. ஒவ்வொரு முறையும் முழுவதும் எழுத விரல் சலித்தது. ஆகவே குறுக்குவழி ஒன்றை அமைத்துக்கொண்டோம். அலை ஓய்ந்தது, அமைத்ததை நாங்கள் மறந்தோம். கைப்பேசி மறக்கவில்லை.

இதை உணர்ந்தபோது பிழையைவிடப் பெரிய வருத்தம் ஒன்று மனத்தில் தங்கியது. அல்பகரா அத்தியாயத்தின் 156ஆம் வசனத்தில், துன்பம் நேரும்போது பொறுமையாளர்கள் கூறும் சொல்லாக வரும் தொடர் அது. நாம் யாருக்கு உரியவர்கள், யாரிடம் திரும்பிச் செல்ல இருக்கிறோம் என்பதை நமக்கே நினைவூட்டிக்கொள்வது. அதை நாங்கள் இரண்டு எழுத்துகளால் தீர்த்துவிடக்கூடிய வேலையாக ஆக்கியிருந்தோம். அந்த நாள்களில் எத்தனை மரணங்களுக்கு அதை அனுப்பினோம்! அவற்றுள் எத்தனை முறை நாவும் சேர்ந்து மொழிந்தது என்று எண்ணிப் பார்த்தால் தலை குனிகிறது.

மாமு தேறி வீடு திரும்பிய பின் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். மாமு சிரித்தார்கள். “அதுல பொய் ஒண்ணும் இல்லையே மாப்ளே. நாம எல்லாரும் அவன்கிட்டப் போறவங்கதானே? எனக்குக் கொஞ்சம் முன்னாடியே அனுப்பிட்டீங்க, அவ்வளவுதான்” என்றார்கள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. “அந்த இருபது நிமிஷம் எம்புள்ள அங்க தனியா உக்காந்து அழுதிருக்கான்” என்றார்கள். இரண்டு சொற்களையும் நாங்கள் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஒரு கைப்பேசி, மூன்று எழுத்துகள்

நம் குடும்பங்களில் கைப்பேசி வைத்திருப்போர் பலருக்கும் மூன்று எழுத்து முறைகள் தேவைப்படுகின்றன. பேச்சுக்குத் தமிழ், வழிபாட்டுக்கு அரபி, அலுவலுக்கு ஆங்கிலம். ஆனால் நடைமுறையில் நாம் செய்வது என்ன? மூன்றையும் ஆங்கில எழுத்திலேயே எழுதிவிடுகிறோம். அதன் விளைவும் எங்கள் வீட்டிலேயே தெரிந்தது.

சிகிச்சைக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு மாமுவின் மகன் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் செய்தி அனுப்பினான். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. எங்கள் மகன் வாசித்துக் காட்டினான்: “மாமுவுக்கு இப்ப வழி தெரியலையாம்.” அம்மா திடுக்கிட்டார்கள். மயக்க மருந்தினால் தம்பிக்கு நினைவு தடுமாறிவிட்டது என்று எண்ணி அழத் தொடங்கிவிட்டார்கள். அவன் எழுதியது ‘வலி தெரியவில்லை’ என்பது. ஆங்கில எழுத்தில் வலிக்கும் வழிக்கும் அவன் இட்டது ஒன்றே. பள்ளிக்கும் பல்லிக்கும் நாம் இடுவதும் ஒன்றே. இளையோர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். முதியோர் இன்னொருவரின் வாயை நம்பியிருக்க வேண்டியதாகிறது. தமக்கு வந்த செய்தியைத் தாமே வாசிக்க முடியாத நிலையில் நம் தாய்மாரை நாமே வைத்திருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது. அம்மா ஐந்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவர்கள். குர்ஆனைத் தங்குதடையின்றி ஓதுபவர்கள். எழுத்தறிவு இல்லாதவர்கள் அல்லர். அவர்கள் அறிந்த எழுத்தில் நாம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. துஆக்களையும் சிறு சூராக்களையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பகிர்கிறோம். நோக்கம் நல்லதே. ஆயினும் தமிழ் எழுத்தில் அரபி ஒலிகள் பல ஒன்றாகிவிடுகின்றன. ஸீன், ஸாத், ஸா ஆகிய மூன்றும் நமக்கு ஒரே ‘ஸ’. இதயத்தைக் குறிக்கும் சொல்லில் வருவது காஃப் என்னும் ஆழ்ந்த ஒலி. நாயைக் குறிக்கும் சொல்லில் வருவது இலேசான கஃப். தமிழில் இரண்டையும் ‘கல்பு’ என்றே எழுதுவோம். ‘அலீம்’ என்று எழுதினால், ஐனில் தொடங்கினால் அனைத்தையும் அறிந்தவன் என்ற இறைப்பண்பு. அலிஃபில் தொடங்கினால் வேதனை தரக்கூடியது என்ற பொருள். இரண்டும் குர்ஆனில் வரும் சொற்கள். ஆகவே தமிழ் எழுத்தில் உள்ள துஆவை நினைவூட்டலாக வைத்துக்கொள்ளலாமே அன்றி, அதிலிருந்து ஓதக் கற்கக் கூடாது. ஓதுவதை உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டுத்தான் கற்க வேண்டும்.

இந்தச் சிக்கல் நம் முன்னோருக்குப் புதிதன்று. அவர்கள் கண்ட தீர்வுதான் அர்வி எனப்படும் அரபுத்தமிழ். தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத ட, ண, ள, ழ, ங, ஞ போன்ற ஒலிகளுக்காக, இருக்கும் அரபி எழுத்துகளிலேயே புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். எ, ஒ ஆகிய உயிர்களுக்கும் குறி கண்டார்கள். அதனால் ஒரே வரியில் அரபிச் சொல் அதன் ஒலி கெடாமலும், தமிழ்ச் சொல் அதன் ழகரம் கெடாமலும் நின்றன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் இம்முறையில் பல நூல்களை இயற்றினார்கள். மார்க்கச் சட்டங்களை விளக்கும் அவர்களின் ‘மஃகானி’ எத்தனையோ வீடுகளில் பெண்கள் வாசித்த நூல். அம்மாவைப் பெற்ற எங்கள் நன்னிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அர்வி தெரியும். நன்னியின் பிரதி, அட்டை கழன்ற நிலையில், இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. கைப்பேசியின் மொழிப்பட்டியலில் அர்வியைத் தேடினோம், எங்களுடையதில் காணவில்லை. நன்னி இன்று இருந்தால் அவர்களுக்கு எந்த விசைப்பலகையை அமைத்துக் கொடுப்போம் என்று யோசித்தோம். விடை இல்லை.

இந்த வரிசையில் இன்னொருவரையும் நன்றியுடன் நினைக்க வேண்டும். அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி அவர்கள். தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு தேவைப்பட்ட, எழுத்துரு இல்லையேல் திரையில் வெறும் கட்டங்களே தெரிந்த காலத்தில், யூனிகோட் முறையில் ‘தேனீ’ எழுத்துருவையும், ஒலிப்பு முறையில் தமிழ் எழுத உதவும் கருவியையும் உருவாக்கி இலவசமாக வழங்கினார்கள். 2006இல் மறைந்தார்கள். இன்று கைப்பேசியில் தமிழை எளிதாக எழுதும் தலைமுறைக்கு அவர்களின் பெயர்கூடத் தெரியவில்லை. பயன் தரும் கல்வியை விட்டுச் சென்றோருக்கு நன்மை தொடர்ந்து சேரும் என்பது நம் நம்பிக்கை. அல்லாஹ் அவர்களின் பணியை ஏற்றுக்கொள்வானாக.

எங்கள் வீட்டில் செய்த மாற்றங்கள்

இனி, நாங்கள் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலில், வேண்டிய மொழிகளை மட்டும் சேர்த்தோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஜிபோர்டு விசைப்பலகையின் அமைப்புகளைத் திறந்து, மொழிகள் என்ற பகுதியில் சேர்க்கலாம். ஐபோனில் அமைப்புகள், பொது, விசைப்பலகை என்று சென்று சேர்க்கலாம். 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் அதில் தமிழ் விசைப்பலகை உண்டு. சேர்த்தபின் உருண்டை வடிவக் குறியைத் தொட்டாலோ, ஜிபோர்டில் இடைவெளிப் பட்டையை அழுத்திப் பிடித்தாலோ மொழியை மாற்றலாம். பட்டையின் மேலேயே நடப்பு மொழியின் பெயர் தெரியும். எழுதத் தொடங்கும் முன் அதை ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

தமிழில் எந்த அமைப்பு என்பது அவரவர் பழக்கம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு தரமாக ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமும் இருக்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ‘அல்லாஹ்’ என்று எழுதும்போது இதன் அருமை தெரியும். நமக்கு மிகுதியாகத் தேவைப்படும் ஸ, ஷ, ஜ, ஹ ஆகியவை கணினியில் மாற்று விசையுடன் மேல்வரிசையில் வரும். ஆங்கில ஒலிப்பு வழியாகத் தமிழ் எழுதும் முறையும் உண்டு. எதுவாயினும் அனுப்பப்படுவது தமிழ் எழுத்தாக இருந்தால் அம்மா வாசிப்பார்கள்.

அரபிக்கு அரபி விசைப்பலகையையே சேர்க்க வேண்டும். உருது விசைப்பலகையில் கஃப், யா போன்ற சில எழுத்துகள் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் கணினிக்கு வேறு எழுத்துகள். அவற்றில் எழுதிய வசனத்தைப் பின்னர் தேடினால் கிடைக்காமல் போகலாம். வசனங்களைக் கையால் தட்டுவதைவிட, நம்பகமான குர்ஆன் செயலியிலிருந்து ஜபர், ஜேர், பேஷுடன் நகலெடுப்பதே பாதுகாப்பு. அரபி வலமிருந்து இடமாகவும் தமிழ் இடமிருந்து வலமாகவும் செல்வதால், ஒரே வரியில் இரண்டையும் கலந்தால் முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் இடம் மாறிச் சொல்வரிசை குழம்பக்கூடும். அரபிக்குத் தனி வரி கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது குறுக்குவழிகள். மரணச் செய்திக்கான குறுக்குவழியை அன்றிரவே நீக்கினோம். இனி அந்தத் தொடரை, எத்தனை முறை நேர்ந்தாலும், ஒவ்வோர் எழுத்தாக எழுதுவது என்று முடிவு செய்தோம். எழுதி முடிக்கும் அந்த அரை நிமிடம் இறந்தவருக்காக ஒதுக்கும் நேரமாக இருக்கட்டும். வேண்டாத பரிந்துரை ஏதேனும் தோன்றினால், ஜிபோர்டில் அதை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிக் குறிக்கு இழுத்தால் போய்விடும்.

ஒரு குறுக்குவழியை மட்டும் புதிதாகச் சேர்த்தோம். நபிகளாரின் பெயருக்குப் பின் நாம் இரண்டெழுத்தில் சுருக்கி எழுதுகிறோம். 13ஆம் நூற்றாண்டின் ஹதீஸ் கலை அறிஞர் இப்னு ஸலாஹ் போன்றோர் அவ்வாறு சுருக்குவதைத் தவிர்க்குமாறு எழுதுவோருக்கு அறிவுறுத்தியுள்ளார்கள். இப்போது நாங்கள் ‘ஸல்’ என்று தட்டினால் ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்று முழுமையாகத் தோன்றும். ஒரு குறுக்குவழியை நீக்கிவிட்டு இன்னொன்றை வைத்தது முரண் அல்லவா என்று எங்கள் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். முன்னது நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கடந்துபோக உதவியது. பின்னது நாங்கள் விட்டுவிட்டதை மீட்டுத் தருகிறது. ஆயினும் நாவு அசையவில்லை என்றால் இதுவும் அதுபோல் ஆகிவிடும் என்று அவளிடம் ஒப்புக்கொண்டோம்.

நாங்கள் ஏற்றுக்கொண்ட கடைசி ஒழுங்கு கருவியைச் சார்ந்ததன்று. வந்த செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. இதுவரை அதைப் பிறர் அனுப்பும் செய்திகளுக்கே பொருத்திப் பார்த்தோம். நம்மிடமிருந்து புறப்படும் செய்தியையும் அவ்வாறே பார்க்க வேண்டும் என்று இப்போது எண்ணுகிறோம். அனுப்பும் முன் முழுவதையும் ஒருமுறை வாசிப்பது. நோய், மரணம் பற்றிய செய்தி எனில் எழுதாமல் அழைத்துப் பேசுவது. பிழை நேர்ந்தால் ஓசையின்றி நீக்காமல், ‘இது எங்கள் கைப்பிழை’ என்று உடனே எழுதுவது.

அம்மாவின் கைப்பேசிக்குத் தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டு ஆச்சியின் பேத்தி. கல்லூரியில் படிக்கும் பெண். “பாட்டி, இந்த உருண்டையைத் தொட்டா மொழி மாறும்” என்று பொறுமையாகக் கற்றுக் கொடுத்தாள். ‘ஹ’ எங்கே இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடினார்கள். அம்மா முதன்முதலாகக் குழுவுக்கு எழுதிய ஸலாமில் ஒரு ‘ஸ்’ விடுபட்டிருந்தது. பதில் ஸலாம் முப்பது வந்தது. மாமுவின் மகன் தம்மாமிலிருந்து இப்போது தமிழிலேயே எழுதுகிறான்.

பரிந்துரை வரிசையைக் கண்டதும் அம்மா முகம் சுளித்தார்கள். “நான் சொல்றதுக்கு முன்னாடி இது ஏன் சொல்லுது?” என்று கேட்டார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அதை நிறுத்தி வைத்தாள். அம்மா ‘இன்ஷா அல்லாஹ்’ எழுத இரண்டு நிமிடம் ஆகிறது. விரலுடன் உதடும் சேர்ந்து அசைகிறது. இதுவரை ஒருமுறையும் பிழை நேரவில்லை.

நம் நாவையும் விரலையும், பிறர் உள்ளத்தைப் புண்படுத்துவதிலிருந்து வல்ல அல்லாஹ் காப்பானாக. நோயுற்றோருக்கு நலத்தையும், நம்மை முந்திச் சென்றோருக்கு மன்னிப்பையும் வழங்குவானாக. ஆமீன்.